இல்லாத நோயைத் தேடும் வேலை

ஓசூர் என்றதும் சிப்காட், வண்டித் தொழிற்சாலைகள், ரோஜாப்பூ, பெங்களூர் ரோட்டு டிராஃபிக் எல்லாம் நினைவுக்கு வரும். அதே ஊரை மையமாக வைத்து எலி பிடித்து, அதன் மயிரைச் சீப்பால் வாரி, உதிரும் தெள்ளுப்பூச்சிகளை எண்ணுகிற வேலையும் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஓசூர்க்காரர்கள் பலருக்கே இது தெரியாது. பூச்சிகள் கடத்தும் நோய்களுக்கும் விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களுக்கும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை நடத்தும் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. எலியையும் தெள்ளுப்பூச்சியையும் எண்ணுவது பிளேக்குக்காக.

பிளேக்கா, அது பாட்டன் காலத்து நோயாச்சே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தென்னிந்தியாவில் மனிதருக்கு பிளேக் வந்ததாகக் கடைசியாக உறுதிசெய்யப்பட்டது 1966-இல், எல்லைக்கு அந்தப்பக்கம் கோலார் மாவட்டத்து முல்பாகலில். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக இந்தப் பகுதியில் ஒரு நோயாளிகூட இல்லாத நோய்க்கு இன்னமும் எலி பிடித்துக்கொண்டிருப்பது வீண் செலவில்லையா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொற்றுநோய் ஆராய்ச்சி எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் சரியான வாசல்.

1896-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய பிளேக், ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு 1898-இல் பெங்களூருக்கு வந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கிலோமீட்டர். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் இன்றைக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. மக்கள் எவ்வளவு மிரண்டுபோயிருந்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. அடுத்த சில பத்தாண்டுகளில் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நோய், 1940-களுக்குப் பிறகு மெல்ல அடங்கியது. மலேரியாக் கொசுவுக்காக வீடுவீடாக அடித்த டிடிடி மருந்து, கேட்காமலே தெள்ளுப்பூச்சியையும் கொன்றது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அடங்கியது என்றால் அழிந்துவிட்டது என்று பொருளில்லை. ஊருக்குள் திரியும் வீட்டெலிக்கு பிளேக் கிருமி தொற்றினால் அது பெரும்பாலும் செத்துவிழும். காட்டோரத்திலும் கரட்டிலும் வளைதோண்டி வாழும் வெள்ளெலி ஓரளவு தாக்குப்பிடிக்கும். கிருமி அந்த வளைகளுக்குள்ளேயே எலியிலிருந்து தெள்ளுப்பூச்சிக்கும், தெள்ளுப்பூச்சியிலிருந்து எலிக்குமாகச் சுற்றிக்கொண்டு, மனிதக் கண்ணில் படாமல் பல ஆண்டுகள் இருக்க முடியும். கோலாரும் சித்தூரும் கிருஷ்ணகிரியும் சந்திக்கும் மூன்று மாநில எல்லைப் பகுதி அப்படிப்பட்ட இயற்கை உறைவிடங்களில் ஒன்றாக இந்தியப் பொதுச் சுகாதார வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. எலிக்கு மாநில எல்லை தெரியாது என்பதால் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் பிளேக் கண்காணிப்புப் பிரிவும் இந்தப் பகுதியைப் பார்க்கிறது.

கண்காணிப்பு என்பது நடைமுறையில் பொறுமையைச் சோதிக்கிற வேலை. சாயங்காலம் கூண்டு வைத்து, காலையில் எடுக்க வேண்டும். பிடிபட்டது எந்த வகை எலி என்று குறித்துக்கொண்டு, மயிரை வெள்ளைத் தட்டின் மேல் வைத்து வார வேண்டும். விழுகிற தெள்ளுப்பூச்சிகளில் பிளேக்கைக் கடத்துவதில் கெட்டிக்காரனான ஜெனோப்சில்லா சியோபிஸ் எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும். ஓர் எலிக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. எலியின் ரத்தத்தில் பிளேக்குக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது நாயின் பங்கு. நோயுற்ற எலியைத் தின்ற நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் ரத்தத்தில் தடயம் பதிந்துவிடும். பத்து மாதமாக ஊரைச் சுற்றி எலி தின்றுகொண்டிருக்கும் ஒரு தெருநாயின் சில துளி ரத்தம், நூறு எலி பிடித்தும் கிடைக்காத சேதியைச் சொல்லிவிடலாம்.

எலி திடீரென்று கூட்டமாகச் சாக ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உடனே எலி மருந்து வைப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அடுத்த வெதுவெதுப்பான உடம்பைத் தேடும். பக்கத்தில் இருப்பது மனிதன்தான். முதலில் வளைகளில் பூச்சிமருந்து தூவித் தெள்ளுப்பூச்சியைக் கொன்றுவிட்டு, அப்புறம்தான் எலியைத் தொட வேண்டும். இந்த அறிவெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கையால் செய்து பழகியவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் விஷயம். 1994-இல் சூரத்தில் பிளேக் என்ற செய்தி வந்து, ரயில் ரயிலாக மக்கள் ஊரைக் காலி செய்தபோது நாடே தடுமாறியதற்கு, இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அந்தப் பழக்கம் விட்டுப்போனதும் ஒரு காரணம்.

ஆக, கூண்டு வைத்து, வாரி, எண்ணி, ரத்தம் சோதித்து, 'இல்லை' என்று எழுதுவதே இங்கே ஆராய்ச்சி முடிவு. தேடிப் பார்த்துவிட்டு எழுதும் இல்லைக்கும், தேடாமலே எழுதும் இல்லைக்கும் அறிக்கையில் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே பூஜ்ஜியம்தான். இந்த இரண்டு மாவட்டங்களின் நோய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எந்தப் பூஜ்ஜியம் எந்த வகை என்று பிரித்தறிவதிலேயே பாதிச் சிக்கல் இருப்பது தெரியும்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மலேரியா என்றால் சென்னை, ராமேஸ்வரம் என்று வரிசையாகச் சொல்கிறவர்கள் பென்னாகரத்தையும் சேர்த்துச் சொன்ன காலம் உண்டு. ஒகேனக்கல்லைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லாமலே விளங்கும். அருவியில் தண்ணீர் பொங்கிப் பாயும்போது கொசுவுக்கு அங்கே வேலையில்லை; புழுவெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆற்றில் தண்ணீர் குறைந்து, பாறைக் குழிகளிலும் மணல் திட்டுகளுக்கு நடுவிலும் தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கும்போதுதான் அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு முட்டையிட வரும். கிராமப்புற இந்தியாவில் மலேரியாவைப் பெருமளவில் கடத்துவது இந்தக் கொசுதான். தென்பெண்ணையின் கரையோரக் கிராமங்களிலும் இதே கதை என்பதை மதுரையில் இயங்கிய மத்திய அரசின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மழை அதிகமானால் கொசு அதிகம் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். ஆற்றோர மலேரியாவில் கணக்கு தலைகீழ்: மழை பொய்த்து ஆறு வற்றும் ஆண்டில்தான் பயம். இலங்கையில் 1934-35-இல் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொண்டுபோன மலேரியாவும் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கியபோது வந்ததுதான். கொசுவும் இதே கொசுதான்.

இந்தக் கொசுவிடம் இன்னொரு வில்லங்கம் உண்டு. குலிசிஃபேசிஸ் என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஏ முதல் இ வரை ஐந்து உடன்பிறப்பு இனங்கள். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பி இனம் பெரும்பாலும் மாட்டைக் கடித்துவிட்டுப் போகிற, மலேரியாவைக் கடத்துவதில் மந்தமான இனம். இ இனம் மனிதனைத் தேடிக் கடிக்கும், மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியை நன்றாக வளர்த்தும் கொடுக்கும். இதை முதலில் ராமேஸ்வரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே 'இந்த ஊரில் மலேரியாக் கொசு இருக்கிறதா' என்ற கேள்விக்கு இருக்கிறது, இல்லை என்று பதில் சொன்னால் போதாது. மாட்டுத் தொழுவத்தில் விடியற்காலையில் டார்ச் அடித்து, சுவரில் ஒட்டியிருக்கும் கொசுவை உறிஞ்சுகுழாயால் பிடித்துக்கொண்டு போய், குரோமோசோம் வரிகளையோ மரபணுவையோ பார்த்துத்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். அதைச் செய்யத் தெரிந்த பூச்சியியலாளர்கள் இந்த நாட்டில் எப்போதுமே குறைவு. சிறப்பு மருத்துவமனை கட்ட அறிவிப்பு வரும். பூச்சியியலாளர் பணியிடத்துக்குக் கைதட்டல் வராது.

ஊரில் மலேரியா நோயாளிகள் அரிதாகிவிட்ட பிறகும் கொசு அப்படியேதான் இருக்கிறது. காணாமல்போனது ஒட்டுண்ணி மட்டும். அதையும் திரும்பக் கொண்டுவர இந்தப் பகுதிக்கென்றே இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதலாவது ரிக் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர்கள் ஏராளம். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாத ஊர்களில் 'ரிக்குக்குப் போயிருக்கான்' என்பது சாதாரணப் பதில். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்கண்ட் என்று மலேரியா நிறைந்த காட்டோரங்களில் மாதக்கணக்கில் வேலை. ராத்திரி பூரா வண்டி ஓடும். தூக்கம் லாரிக்கு அடியிலோ திறந்தவெளியிலோதான். கொசுவலைக்கு ஏது இடம்? பண்டிகைக்கோ மழைக்காலத்துக்கோ ஊர் திரும்பும்போது ரத்தத்தில் ஒட்டுண்ணியும் கூடவே வரும்.

வைவாக்ஸ் வகை மலேரியாவானால் விஷயம் இன்னும் சிக்கல். இந்த ஒட்டுண்ணியில் ஒரு பகுதி கல்லீரலில் போய் உறங்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துக்கொண்டு மறுபடியும் காய்ச்சலைக் கிளப்பும். மூன்று நாள் குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். கல்லீரலில் உறங்குவதைக் கொல்லப் பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றுவிடும். ஐந்தாம் நாள் ஏஜென்டிடமிருந்து போன் வரும்: 'வண்டி நாளைக்கு ராய்ப்பூர் கிளம்புது, வர்றியா இல்லையா?' மீதி ஒன்பது நாள் மாத்திரை வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். சுகாதாரத் துறைக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி என்று இவரைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கூலி நாள் கணக்கில் ஓடுகிறவருக்கு, காய்ச்சலே இல்லாத உடம்புக்கு ஒன்பது நாள் மருந்து என்பது புரியவைக்க வேண்டிய விஷயம். மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பி, போனில் விசாரிக்க வேண்டிய விஷயமும்கூட.

இரண்டாவது பாதை எதிர்த்திசையில் வருவது. ஓசூர், பர்கூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசா, ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள். பாதி கட்டிய கட்டடத்தின் தொட்டியிலும் தளத்திலும் தேங்கும் நீர், நகரத்து மலேரியாக் கொசுவான அனாஃபிலிஸ் ஸ்டீபன்சிக்குத் தோது. வந்தவர்களால் நோய் வந்தது என்று விரல் நீட்டும் ஊர்ப்பேச்சுக்கு இதில் இடமில்லை. நம்மூர்ப் பையன் ராய்ப்பூரில் எப்படியோ, அவர்கள் இங்கே அப்படி.

இந்த இரண்டு பாதையிலும் காவலுக்கு நிற்பது ஒரு கண்ணாடித் துண்டு. காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், இடது கை மோதிர விரல் நுனியில் குத்தி, அந்த ஸ்லைடில் ஒரு தடித்த பூச்சும் ஒரு மெல்லிய பூச்சும் இழுப்பார்கள். காய்ந்த மெல்லிய பூச்சின் மேலேயே சாதாரண பென்சிலால் எண் எழுதுவார்கள். சாயத்தில் முக்கினாலும் பென்சில் எழுத்து அழியாது. ஆய்வக நுட்பர் எண்ணெய் வில்லையில் குறைந்தது நூறு காட்சிப்புலமாவது நகர்த்திப் பார்த்த பிறகுதான் 'நெகட்டிவ்' என்று எழுதலாம். ஆண்டுக்கு மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்காவது ரத்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்பது தேசிய மலேரியாத் திட்டத்தின் பழைய அளவுகோல். வருடம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஸ்லைடு பார்த்தும் ஒரு பாசிட்டிவ்கூட வராத ஊரில் நுட்பரின் கண் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உருப்பெருக்கி முன் உட்காரும் நேரம் குறையும். நூறு புலம் இருபதாகும். உண்மையிலேயே ஒட்டுண்ணி வருகிற நாளில் கண்ணுக்கு அது அடையாளம் தெரியாது. நெகட்டிவ் ஸ்லைடுகளிலும் ஒரு பங்கை வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்ற விதி அதனால்தான் இருக்கிறது.

இதைத் தளரவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் சொந்த அனுபவமே போதும். 1953-இல் தேசியத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடி மலேரியா நோயாளிகள் என்பது மதிப்பீடு. 1965-இல் அது ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கியது. வெற்றி என்று மூச்சுவிட்டார்கள். 1976-இல் 64 லட்சம். இலங்கையின் கதை இதைவிடத் துல்லியமானது: 1963-இல் தீவு முழுக்க வெறும் 17 நோயாளிகள். மருந்தடிப்பு நின்றது, தேடல் தளர்ந்தது. 1968-69-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அப்புறம் பல பத்தாண்டு பாடுபட்டு 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள். அந்தச் சான்றுக்குத் தொடர்ந்து மூன்று ஆண்டு உள்ளூர்த் தொற்று இல்லையென்று காட்ட வேண்டும். நம் நாட்டில் நரம்புச் சிலந்தி என்ற புழு நோயின் ஒழிப்பிலும் இதே நடைமுறைதான். கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில். சான்று கிடைத்தது 2000-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நோயாளியைக் காட்டித் தருகிறவர்களுக்குப் பரிசு அறிவித்துத் தேடினார்கள்.

டெங்குவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வரும். இங்கே சொல்லத்தக்கது ஒன்றுதான். இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக மக்கள் பட்ட பாட்டுக்குத் தீர்வாக ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் திறக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் காவிரித் தண்ணீர் விடுகிற நாளில் பிடித்து வைத்தால்தான் அடுத்த முறை வரைக்கும் ஆகும் என்கிற தெருக்களில் வாசலுக்கு வாசல் நீல ட்ரம்மும் சிமென்ட் தொட்டியும் உட்கார்ந்திருக்கின்றன. டெங்குவைக் கடத்தும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைத்த முட்டை, காய்ந்துபோன தொட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று கொசு ஒழிப்புப் பணியாளர் சலிக்காமல் சொல்வது இதற்காகத்தான்.

சரி, தேடாததால் வந்த பூஜ்ஜியத்துக்கு வருவோம். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதும் ஸ்கிரப் டைபஸ். மாட்டிலும் நாயிலும் நாம் பார்க்கும் உண்ணி இதற்குக் காரணமில்லை. புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சுதான் கடிக்கிறது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுவதால், பூச்சியே கிருமிக்குக் கடத்தியும் களஞ்சியமுமாகிவிடுகிறது. மழை பிடித்ததிலிருந்து பனி முடிகிற வரை இதற்குக் காலம்: ராகி, அவரை அறுப்பும், ஆடு மேய்ப்பும், விறகு பொறுக்கலும் நடக்கிற அதே மாதங்கள்.

காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்று வந்தால் டெங்கு, டைபாய்டு, மலேரியா எதுவாகவும் தோன்றும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் ஏறக்குறைய நோய் முடிவாகிவிட்டது. அது இருக்கிற இடம்தான் பிரச்சினை: அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, அரைஞாணும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பு. நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில், திரை இல்லாத அறையில், ஒரு பெண் நோயாளியிடம் அதையெல்லாம் பார்ப்பது எப்படி? பார்க்காமல் விட்டால் 'வைரல் ஃபீவர்' என்று எழுதிப் பாராசிட்டமால் கொடுத்தனுப்புவது நடக்கும். தொடக்கத்திலேயே கொடுத்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி, வென்டிலேட்டர் வரைக்கும் போகும். அப்போது சேலத்துக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ ஆம்புலன்ஸ்.

இந்த நோயில் தமிழ்நாடு உலகத்துக்கே தரவு கொடுக்கிற இடம். வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, தீவிர நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மேல் என்று காட்டி, சிகிச்சை முறையையே மாற்றியது. அதே வேலூர்க் குழுவும் லண்டன் ஆய்வாளர்களும் வட தமிழகத்தின் 37 கிராமங்களில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, 2020 முதல் 2022 வரை வீடு வீடாகப் போய்ப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மருத்துவமனைக் கணக்கை வைத்து நினைத்ததைவிடத் தொற்று மிக அதிகம். கிருமி ஏறியும் காய்ச்சலே வராமல் போனவர்களும் நிறைய. வேலூரைச் சுற்றி இந்தக் காய்ச்சல் இவ்வளவு இருப்பதாகத் தெரிந்தது வேலூரில் அதைத் தேட ஆள் இருந்ததால்தான்.

வேலூரிலிருந்து மேற்கே வந்தால் ஊத்தங்கரை, அதற்குத் தெற்கே சித்தேரி மலை, இன்னும் மேற்கே அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை. அதே புதர், அதே ராகி வயல், அதே எலி. இந்தக் காய்ச்சலை ரத்தத்தில் கண்டறியும் எலிசா பரிசோதனை மாவட்டத் தலைநகரில் நடக்கும் என்றால், அஞ்செட்டியில் காய்ச்சலில் கிடக்கும் மூதாட்டியின் ரத்த மாதிரி அங்கே போய்ச்சேர யாரோ ஒருவருக்கு அந்த நோயின் பெயர் முதலில் மனதில் தோன்ற வேண்டும். தோன்றாத இடத்திலிருந்து மாதிரி போகாது. மாதிரி போகாத இடத்தில் நோய் இல்லை. ஓசூரில் எலியை வாரி எண்ணிப் பெற்ற பூஜ்ஜியமும் இந்தப் பூஜ்ஜியமும் ஒன்றாகிவிடக் கூடாது. தெள்ளுப்பூச்சிக்காகக் கூண்டில் விழும் அதே எலியின் காது மடலில்தான் இந்தச் சிற்றுண்ணிக் குஞ்சுகளும் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒரே கூண்டு, ஒரே எலி. பார்க்கிற கண் மட்டும் கொஞ்சம் காதுப்பக்கம் போனால் இரண்டு நோய்க்குத் தரவு கிடைக்கும்.

மாவட்ட வாரியாக நோய்க் கணக்கு வெளியாகும்போது நாம் கேட்கக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மலேரியாவுக்கு எத்தனை பேருக்கு நோய் என்பதோடு எத்தனை ஸ்லைடு பார்த்தோம் என்பதையும் எழுதும் வழக்கம் எப்போதோ வந்துவிட்டது. உண்ணிக் காய்ச்சலுக்கும் அட்டவணையில் அதே இரண்டாவது கட்டம் வேண்டும்: எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து, எந்த மாதத்தில், எத்தனை மாதிரிகள் சோதனைக்குப் போயின. அஞ்செட்டிக்கும் சித்தேரிக்கும் நேராக அந்தக் கட்டம் காலியாக இருந்தால், முதல் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைப் படிக்க வேண்டியதில்லை.